இடது கண்ணின் முன்னேற்றம்

எங்கள் நிறுவனம் வயதைக் காரணம் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையே இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான். நாங்கள் பார்ப்பது கண்வயதை மட்டும்.

நலமுகம் சேவைகள் என்று பெயர். தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. பல அலுவலகங்களின் முகப்பு வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்வது எங்கள் தொழில். முகவரி மாற்ற, செத்தவர் பெயரை நீக்க, விண்ணப்பப் பாரம் வாங்க, போன மாதம் கொடுத்த பாரம் எங்கே போயிற்று என்று கேட்க, எல்லாவற்றுக்கும் மக்கள் எங்களிடம்தான் வருவார்கள். பத்துக் கவுண்டர்கள் இருக்கின்றன. மூன்றில் ஆள் உண்டு. நாலாம் கவுண்டரில் புஷ்பராணி அக்கா, ஐந்தாம் கவுண்டரில் சுசீலாவாகிய நான்.

காத்திருக்கும் நேரம் சராசரியாக நாற்பது நிமிடம். புகார் வந்துகொண்டே இருந்தது. இன்னும் இரண்டு பேரைப் போட்டால் தீரும் என்று அக்கா ஒரு கூட்டத்தில் சொன்னார். அந்த யோசனையை வரவேற்று, அது சரியா என்று ஆராய ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்தார்கள். அவர்கள் மூன்று மாதம் எங்கள் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். காத்திருப்பவர்கள் எந்நேரமும் ஊழியரின் கண்ணைத்தான் பார்க்கிறார்களாம். கண் களைத்திருந்தால் நாற்பது நிமிடம் ஒரு மணி நேரமாகத் தோன்றுமாம். கண் பளிச்சென்று இருந்தால் இருபத்தைந்தாகத் தோன்றுமாம். ஆகவே ஆள் போடாமலே பதினைந்து நிமிடம் மிச்சம் என்று அறிக்கை முடிந்தது.

இயக்குநர் தங்கராஜு ஊழியர் அனைவரையும் கூட்டிப் பேசினார். ஆங்கிலத்தில்தான் பேசினார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை என்பதால் அவர் சொன்னது தமிழில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

“ஒரு காலத்தில் நாம் மக்களின் பிரச்சினைகளைத் தீர்க்க முயன்றோம். அது முடிவே இல்லாத வேலை. ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்றோடு வருகிறார்கள். இனி நாம் பிரச்சினையைத் தீர்ப்பவர்கள் அல்லர். பிரச்சினை தீரப்போகிறது என்ற உணர்வைத் தருபவர்கள். அந்த உணர்வு உங்கள் கண்ணுக்குக் கீழே தொடங்குகிறது.”

எல்லாரும் கைதட்டினோம். அப்படித்தான் முகப்புப் புத்துணர்வுத் திட்டம் பிறந்தது. அதற்கான குழுவின் தலைவர் தங்கராஜு, துணைத் தலைவர் மனிதவளப் பிரிவின் ஜெய், செயலாளர் நான். இரண்டு மொழியிலும் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அந்த மாதமே இயந்திரம் வந்து இறங்கியது. தாடையை ஒரு தட்டில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டி, கண்ணைச் சிமிட்டாமல் பத்து வினாடி இருக்க வேண்டும். கண்ணோரத்துச் சுருக்கம், கண்ணுக்குக் கீழ்த் தொங்கல், கருவளையம் எல்லாவற்றையும் அளந்து ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வயதை அச்சிட்டுக் கொடுக்கும். ஐம்பதுக்குக் கீழ் வந்தால் பச்சைச் சீட்டு. மேலே போனால் ரோஜா நிறச் சீட்டு. ஓய்வு வயது வந்தவர்களுக்கு தொடர்ந்து வேலை தரும் மறுவேலைக் கடிதம் கொடுக்க இரண்டு கண்ணும் பச்சையில் இருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. வயதைக் கேட்டால்தானே தவறு.

அக்காவுக்குச் செப்டம்பரில் அறுபத்து மூன்று, ஓய்வு வயது. மார்ச்சில் எடுத்த முதல் அளவீட்டில் வலது கண்ணுக்கு அறுபத்தாறும் இடது கண்ணுக்கு அறுபத்தொன்றும் வந்தன. சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.

ஜெய் ஓடி வந்தார். “அக்கா, நம்பர பாத்து பயந்துடாதீங்க. இது ஒரு ஜர்னி. நாங்க உங்க கூடவே இருக்கோம்.” முப்பத்திரண்டு வயதுக்காரர், முன்பெல்லாம் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார். ஆன்ட்டி என்ற சொல் ஊழியரின் கண்பகுதியில் சோர்வை உண்டாக்குகிறது என்று சுற்றறிக்கை வந்த பிறகு அக்கா என்று மாற்றிக்கொண்டார்.

“தம்பி, நான் ரோஜா சீட்டுலயே இருந்தா லெட்டர் வராதா?” என்று கேட்டார் அக்கா.

“வராதுன்னு யாரும் சொல்லலக்கா. வர்றதுக்கான கண்டிஷன் இன்னும் வரலன்னு அர்த்தம்.”

அக்காவுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், ஜெய்க்கும் தெரியும். புக்கிட் மேராவில் மூவறை வீட்டில் தம்பி கஜனோடு இருக்கிறார். கஜனுக்கு ஐம்பத்து நாலு வயது, மனவளர்ச்சி சின்னப் பிள்ளையோடு நின்றுவிட்டது. பகலில் ஒரு பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறார். அக்காவின் சம்பளத்தில்தான் அது நடக்கிறது. காலையில் அவருக்கு முகம் மழித்துவிடுவதும் அக்காதான். வேறு யார் கத்தியை எடுத்தாலும் கத்திவிடுவார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் என்ன என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

ஆகவே அக்கா டப்பாவை வாங்கினார். அதற்கு நீளமாக ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. யார் வாயிலும் நுழையாததால் நாங்கள் டப்பா என்றுதான் சொல்வோம். கண்ணைச் சுற்றித் தடவும் கிரீம். பதினைந்து மில்லி, முந்நூறு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி குறைவு. பனிமலைப் பாசி, திராட்சை விதை, தங்கத் துகள் என்று அட்டையில் போட்டிருந்தது. வாங்குவது அவரவர் விருப்பம். வாங்காதவர்கள் மட்டும் தங்களுக்கு ஏன் விருப்பமில்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கடைசியில் எல்லாருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

வாங்கினால் போதுமா, தடவத் தெரிய வேண்டாமா? நாலு மணி நேரப் பயிற்சி நடந்தது. கண்ணுக்குக் கீழே உள்ள தோலை மோதிர விரலால்தான் தொட வேண்டும், அதற்குத்தான் பலம் குறைவு என்று பயிற்றுநர் சொன்னார். தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். ஒரு கண்ணுக்கு இருபத்தேழு தட்டு. முப்பது பேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மோதிர விரலைத் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினோம். அக்கா கண்ணாடி இல்லாமல் இடத்தைத் தவறவிட்டு நேராகக் கண்ணுக்குள்ளேயே தட்டிக்கொண்டார். இருந்தும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அடுத்து புன்னகையை நிறுத்தினார்கள். போன வருடம்தான் புன்னகை இயக்கம் நடத்தி எல்லாருக்கும் சட்டையில் குத்த மஞ்சள் வில்லை கொடுத்திருந்தார்கள். புன்னகைத்தால் கண்ணோரம் கோடு விழுகிறது என்று இயந்திரம் காட்டிக் கொடுத்தது. வில்லைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இனி உள்ளுக்குள் புன்னகைக்கவும் என்று சுற்றறிக்கை அனுப்பினோம்.

ஏப்ரலில் ஒரு பெரியவர் நாலாம் கவுண்டருக்கு வந்தார். பதிவிலிருந்து மனைவியின் பெயரை நீக்க வேண்டும். நாற்பத்தாறு வருடமாக ஒன்றாக இருந்த பெயர், எந்தக் கட்டத்தில் கோடு போடுவது என்று கேட்டார். அக்கா பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, “நான் பாத்துக்கறேன்ண்ணே, நீங்க உக்காருங்க,” என்று சொல்லிவிட்டு அதை நிரப்பினார். நிரப்பும்போது கண் கலங்கிவிட்டது. மறுநாள் எழுத்தில் எச்சரிக்கை வந்தது: கண்பகுதியில் அனுமதியற்ற ஈரம். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஒரு மாதம் தட்டியும் எண் மாறவில்லை. வலது அறுபத்தாறு, இடது அறுபத்தொன்று. டப்பா மட்டும் பாதிக்கு வந்துவிட்டது. மோசமான கண்ணுக்கே மருந்து போகட்டும் என்று அக்கா வலது கண்ணுக்கு மட்டும் டப்பாவைத் தடவத் தொடங்கினார். இடது கண்ணுக்கு வீட்டில் கிடந்த வாசலின் களிம்பு. இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

“சுசீலா, நான் கண்ண இடுக்கி இடுக்கிப் பாக்கறேன்லா. அதான் கோடு விழுது. கண்ணாடிய மாத்தினா சரியாயிடுமோ?” என்று ஒரு நாள் கேட்டார். அந்த அலுவலகத்தில் அந்த வருடம் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். சேக் தாவூது அங்கே முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், கண் பரிசோதனையும் அவரே செய்வார். அக்கா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

“தங்கச்சி, நான் தோல் டாக்டர் இல்ல. ஆனா இந்த வயசு பொம்பளைங்க எத்தனை பேரு இந்த மாதிரி டப்பாவோட வர்றாங்க தெரியுமா? ஈரமா வச்சிக்கும். பளபளன்னு தெரியும். அத வாசலினும் செய்யும். விழுந்த கோட்ட எடுக்காது. வெயில்ல போறப்ப சன்ஸ்கிரீன் போடுங்க, நல்லா தூங்குங்க. காசு இருந்தா ஆசைக்கு வாங்குங்க, வேண்டாங்கல. வேலைக்காக வாங்காதீங்க.”

பிறகு பரிசோதனை செய்தார். கண்ணில் காற்று ஊதும் இயந்திரத்தில் இடது கண்ணை மூன்று முறை பார்த்தார். பேச்சு குறைந்துபோயிற்று. “இது கண்ணாடி விஷயம் இல்ல. உள்ள பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. நரம்ப அமுக்கிட்டு இருக்கு. கடிதம் தர்றேன், இந்த வாரமே ஸ்பெஷலிஸ்ட்ட பாருங்க. போன பார்வ திரும்ப வராது, இருக்கறத காப்பாத்தலாம்.”

திங்கட்கிழமை அக்கா கடிதத்தோடு ஜெய்யிடம் போனார். குழுவின் நலநிதியில் கண்ணுக்கு என்று பணம் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

“இருக்குக்கா. கண்ணச் சுத்தி ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் எல்லாமே கவர் ஆகும். உள்ள இருக்கறது மெடிக்கல். அது வேற டிபார்ட்மெண்ட்.”

“வேற டிபார்ட்மெண்ட்ல கேக்கவா?”

“அத போன வருஷம் மூடிட்டோம்.”

பணம் வேண்டாம், வியாழக்கிழமை விடுப்பு மட்டும் தாருங்கள் என்று அக்கா கேட்டார். மருத்துவமனையில் வியாழன் காலைதான் இடம் கிடைத்திருந்தது. அந்த வாரம் அளவீட்டு வாரம். அளவீட்டு வாரத்தில் சொந்த மரணம் தவிர வேறு எதற்கும் விடுப்பு கிடையாது. எடுத்தால் வராதவரின் கண்வயது எழுபது என்று பதிவாகும். ஜெய் கோபமாகச் சொல்லவில்லை. “நான் உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்,” என்றுதான் சொன்னார்.

அக்கா கைபேசியில் முன்பதிவைத் தள்ளிவைத்தார். அடுத்த இடம் ஆறு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த நாளில் நிறுவனத்தில் கண் ஓய்வு விழிப்புணர்வு முகாம் வந்துவிட்டது. எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவிப்பு. ஒரு மணி நேரம் இருட்டு அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தோம். பின்னணியில் அருவிச் சத்தம் போட்டார்கள். என் பக்கத்துப் பாயில் படுத்திருந்த அக்கா மெதுவாக, “இந்நேரம் அங்க என் நம்பர கூப்பிட்டிருப்பாங்க,” என்றார். எழுந்து போங்கள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். செயலாளராக இருந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று அப்போது தோன்றியது.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை அக்கா தாமதமாக வந்தார். சட்டையில் இரத்தக் கறை. கஜனுக்கு மழித்துவிடும்போது காதோரம் கத்தி பட்டுவிட்டது. எங்கே பட்டது என்றே தெரியவில்லை, கஜன் கத்திய பிறகுதான் பார்த்தேன் என்றார். பிறகு வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சுசீலா, நீ அங்கதான் நிக்கிறியா?”

நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று அக்கா யாரிடமும் கேட்காமல் மருத்துவமனைக்குப் போனார். நானும் போனேன், வாடகைக் காரில். இடது கண் நரம்பு முழுவதும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இளம் பெண், சொல்லும்போது நிதானமாக, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். வலது கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம், குறையாவிட்டால் ஆப்பரேஷன், அதைத் தள்ளிப்போட்டால் இதுவும் போய்விடும் என்றார். சொட்டு மருந்தில் போதிய அளவு குறையவில்லை. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அக்கா வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பாரங்களை வலது பக்கம் தள்ளிவைத்துப் படித்தார். இடப்பக்கமிருந்து வாடிக்கையாளர் பேசினால் திடுக்கிட்டுத் திரும்புவார். நிறுவனத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்திருந்தோம்.

இயந்திரம் கவனித்துவிட்டது. செப்டம்பர் அளவீட்டில் அக்காவின் வலது கண் அறுபத்தைந்து. இடது கண் நாற்பத்து நாலு.

குழு அவசரமாகக் கூடியது. திட்டம் தொடங்கி ஆறு மாதத்தில் இப்படி ஒரு இறக்கம் யாருக்கும் வந்ததில்லை. அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஜெய் கேக் வாங்கி வைத்திருந்தார்.

“இடது கண்ணு நாப்பத்து நாலு. பதினேழு வருஷம் கொறைஞ்சிருக்குக்கா. என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல தம்பி. அதுக்கு வெறும் வாசலின்தான். டப்பாவெல்லாம் வலது கண்ணுக்குத்தான் போட்டேன்.”

ஜெய் என்னைப் பார்த்து இதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று கண் காட்டினார். தங்கராஜு மெதுவாகக் கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும், தேவைப்பட்டால் பேசுவார். “அப்படின்னா எப்படிக் குறைஞ்சது?”

“அந்தக் கண்ணு போயிடுச்சு சார். பார்வ இல்ல. ரெண்டு தடவ டாக்டர்கிட்ட போக லீவு கெடைக்கல. பாக்க முடியாத கண்ணு எதுக்கு இடுக்கப் போவுது? அதான் கோடு விழல போல.”

தங்கராஜு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தட்டச்சை நிறுத்தினேன். மனிதர் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன்.

“இத்தனை நாளா நாம தோலை மட்டுந்தான் கவனிச்சோம்,” என்றார். “பார்வைய கவனிக்கவே இல்ல. அது நம்ம தப்பு.”

அக்கா தலையை ஆட்டினார்.

“சுருக்கத்துக்குக் காரணமே பார்வைதான்,” என்று தங்கராஜு முடித்தார்.

“ரூட் காஸ் கெடச்சிடுச்சு சார்,” என்றார் ஜெய்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அக்காவின் மறுவேலைக் கடிதம் நிபந்தனையோடு கொடுக்கப்படும் என்று தீர்மானம். ஒரு கண் இலக்கை எட்டிவிட்டது, அதற்குப் பாராட்டு. வலது கண்ணும் அதே நிலைக்கு வர டிசம்பர் வரை அவகாசம். அதுவரை தொடர் அளவீடு நடப்பதால் விடுப்பு கிடையாது.

“இடது கண்ணுக்கு எப்படி வந்துச்சோ அதே மாதிரி இதுக்கும் வரட்டும்க்கா. அவசரமே இல்ல,” என்று சொல்லி ஜெய் கடிதத்தையும் பேனாவையும் நகர்த்தினார்.

“வெள்ளிக்கெழம இந்தக் கண்ணுக்கு ஆப்பரேஷன்,” என்றார் அக்கா.

“எதுக்கு ஆப்பரேஷன், பார்வைய காப்பாத்தவா?”

“ஆமா.”

ஜெய் உண்மையான வருத்தத்தோடு தங்கராஜுவைப் பார்த்தார். “அது திட்டத்துக்கு எதிரா போகும்ல சார்.”

தங்கராஜு ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா கடிதத்தைக் கையில் எடுத்து, முகத்துக்கு அருகே கொண்டுபோய், வலது கண்ணை நன்றாக இடுக்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். படித்து முடித்ததும் அதைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இந்தக் கண்ணு எனக்கு வேணும் தம்பி,” என்றார். “வெள்ளிக்கெழம நான் போறேன்.”

நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். இடப்பக்கம் இருந்த கதவில் தோள் இடித்தது. நான் எழுந்து பிடித்திருக்கலாம். எழவில்லை.

“சுசீலா, ரெக்கார்ட குளோஸ் பண்ணிடுங்க,” என்றார் ஜெய். பாரத்தில் விலகும் காரணம் என்று ஒரு கட்டம். மூன்று தெரிவுகள்தான் உண்டு: மேலான வாய்ப்பு, வெளிநாட்டுக் குடியேற்றம், தனிப்பட்ட காரணம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை.

அது போன மாதம். ஆப்பரேஷன் எப்படிப் போயிற்று, கஜன் இப்போது நிலையத்துக்குப் போகிறாரா, காலையில் யார் மழித்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருக்கிறது. கைபேசியில் அக்காவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மூடிவிடுகிறேன்.

நாலாம் கவுண்டரில் இன்னும் ஆள் போடவில்லை. காத்திருக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம். மின்தூக்கி பக்கத்தில் சுவர் உயரத்துக்கு ஒரு கண்ணின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கோடு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை, அவ்வளவு சாந்தமான இடது கண். கீழே ‘நாற்பத்து நாலு: உங்களாலும் முடியும்’ என்று நான்கு ஆட்சி மொழியிலும் போட்டிருக்கிறது. தமிழ் வாசகம் என்னுடையது. காலையில் மின்தூக்கி வரும்வரை எல்லாரும் அதன் முன்னால் நின்று, கைபேசியில் தங்கள் முகத்தைக் காட்டி, தங்கள் கண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன்.